இரண்டு கரையும் நகரும் குழி

நம் பிளாக்கில் வளர்ந்தவர்கள் வைத்திருக்கும் கைப்பேசிக் குழுவில் போன வாரம் ஒரு சண்டை நடந்தது. சின்ன வயதில் சுரங்கத்தை எட்டிப் பார்க்க நம்மைக் கூட்டிப் போவார்களே, கம்பி வேலி போட்ட மேடு, அது எங்கே இருந்தது என்பதுதான் வழக்கு. ஒருத்தி கிழக்கு என்றாள். இன்னொருவர் செயற்கைக்கோள் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, இதோ இங்கே என்றார். அறுபதைத் தாண்டிய பிறகும் நமக்கு வாய் மட்டும் இளைக்கவில்லை. நான் ஒன்றும் எழுதவில்லை. அந்த மேடு கிழக்கிலும் இல்லை, வட்டத்துக்குள்ளும் இல்லை. சுரங்கம் அதை எப்போதோ வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதைச் சொன்னால் சண்டை இன்னும் நீளும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அதைப் படித்ததிலிருந்து ஒரு மழைக்காலம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எழுதித் தொலைத்தால்தான் நிம்மதி. வெளியூரில் சம்பந்தம் செய்தவர்கள் வீட்டிலும் யாராவது இதைப் படிக்கலாம் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மூர் நிலக்கரிச் சுரங்கம் ஒரே இடத்தில் கிடக்கும் குழி அல்ல. முன்பக்கம் இயந்திரம் மண்ணை வெட்டிக்கொண்டே போகும். அந்த மண் பெல்ட்டில் ஏறிக் குழியைச் சுற்றி வந்து, கரி எடுத்து முடித்த பின்பக்கத்தில் மலையாக விழும். முன்கரை விலக விலகப் பின்கரை துரத்திக்கொண்டு வரும். ஆயுத பூஜை அன்று குடும்பங்களை உள்ளே விடுவார்கள். வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து நிற்கும் அந்த ராட்சச இயந்திரம் போன வருஷம் நின்ற இடத்தில் ஒரு தடவைகூட நின்றதில்லை. நமக்கு அது அதிசயமாகவும் படவில்லை. மெஷின் எங்கே நிற்கிறதோ அதுவே கரை என்றுதான் நம் அப்பாக்கள் பேசுவார்கள். மெஷின் நின்றால் கரையும் நின்றுவிட்டது. அந்த ஊரில் எல்லோர் மனசிலும் ஊறிப்போன நினைப்பு அது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பாவுக்குச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் என்ஜினீயர் வேலை. அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த வருஷம் தபால் வழியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள், மார்கழியில் பரீட்சை. பாடப் புத்தகத்தைக் கரி அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் தோசை வார்ப்பாள். பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, நடுவே கொஞ்சம் மாவு. அவள் ஒப்பிப்பதைப் புத்தகத்தை வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் வரிசை மாறினால் கண்டுபிடித்துவிடுவேன். அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "உங்கம்மா பட்டம் வாங்கினா தோசை வட்டமா வருமான்னு கேளு" என்பார். அம்மா காதில் வாங்கமாட்டாள்.

அந்தப் பருவத்தில் அவளைப் பிடித்து ஆட்டிய பாடம், எல்லைகள் மாறும் தொகையீட்டை வகையிடுவது. பெயரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள், எனக்கே புரிந்ததுதான். தொகையீடு என்பது ஒரு எல்லையிலிருந்து இன்னோர் எல்லை வரை உள்ளே இருப்பதை எல்லாம் கூட்டுவது. வகையிடுவது என்பது அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கேட்பது. எல்லைகள் அசையாமல் இருந்தால் உள்ளே நடக்கும் மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும். எல்லைகளே நகர்ந்தால் அது போதாது. மேல் எல்லை நகரும் வேகத்தை அங்கே இருக்கும் அளவால் பெருக்கிக் கூட்ட வேண்டும், கீழ் எல்லைக்கும் அப்படியே பெருக்கிக் கழிக்க வேண்டும். ஆக மூன்று துண்டு. பள்ளிப் பிள்ளைகளைப் போலவே அம்மாவுக்கும் முதல் துண்டு மட்டும்தான் உடனே வந்தது.

ஒரு நாள் மாவாட்டிக்கொண்டிருந்தவள் அந்தக் கையோடு என்னிடம் ஓடிவந்தாள். "முன்கரைதான் மேல் எல்லை. பின்கரை கீழ் எல்லை. நடுவுல ஆழம். நம்ம சுரங்கத்தையே ஒருத்தன் சூத்திரமா எழுதி வச்சிருக்கான்டி" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது ரொம்பக் குறைவு. அதன் பிறகு வீட்டில் எது தப்பினாலும், பால் பொங்கி வழிந்தால்கூட, "எல்லையை விட்டுட்டே" என்பதுதான் எனக்குக் கிடைக்கும் வசவு.

எங்களோடு சித்தப்பாவும் இருந்தார், அப்பாவின் தம்பி. எங்கள் குடும்பம் தெற்கத்திக் குடும்பம். அண்ணனை நம்பி அங்கிருந்து பஸ் ஏறி வந்தவர். குழியின் அடியில் மிதவைப் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் ஒருவர், கான்ட்ராக்ட்டில். பர்மனென்ட் ஆக்கும் இன்டர்வியூ பொங்கல் கழித்து வரும் என்று பேச்சு இருந்தது. நம்மூரில் அந்த ஒரு சொல்லுக்கு இருந்த மதிப்பு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் கிடைத்தால் கல்யாணம். குறிஞ்சிப்பாடியில் நெசவுக்காரர் வீட்டில் பெண் பார்த்தாகிவிட்டது. வேலை உறுதியாகட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். சித்தப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் ரப்பர் பூட்ஸை வாசலில் கவிழ்ப்பார். மஞ்சள் தண்ணீரோடு சில நாள் பழுப்பு நிறத்தில், மரப்பட்டை மாதிரி ரேகை ஓடிய கரித்துண்டு ஒன்றும் விழும். எனக்காகவே எடுத்து வருவார். அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். வீடு மாறியபோது அந்த டின் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. துணியெல்லாம் சாம்பல் வாசனையோடு ஈரமாகவே கிடந்தது. பள்ளிக்கூடம் லீவு. ஈரமண் பெல்ட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சுரங்கத்தில் வெட்டுவதையும் கொட்டுவதையும் நிறுத்தியிருந்தார்கள். பம்புகள் மட்டும் ஓடின. குழியில் தண்ணீர் ஏற ஏற, பம்புகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் போர்டை ஆட்கள் மேலே மேலே நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். போர்டில் தண்ணீர் ஏறினால் பம்புகள் நின்றுவிடும், தண்ணீர் கரியை மூடிவிடும். அந்த வேலையில்தான் சித்தப்பா இருந்தார், பின்பக்கத்து மண்மலையின் அடிவாரத்தில்.

நான் சொல்ல வந்த நாளன்று அவர் காலை ஷிப்ட். அப்பா மத்தியானம் சாப்பிட வரவே ஷிப்ட் முடியும் இரண்டு மணிச் சங்கு ஊதிவிட்டது. சித்தப்பா வரவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் ரோட்டில் தண்ணீர், குறிஞ்சிப்பாடி பஸ்ஸும் வரவில்லை, அதனால் அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்து சேரவில்லை என்றார் அப்பா. கீழே இருப்பவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மழை எவ்வளவு உள்ளே வருகிறது, பம்பு எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்று கணக்குப் போட்டாகிவிட்டது, விளக்கு வைக்கும் நேரம் வரை ஒன்றும் ஆகாது, அதற்குள் மாற்று ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

அப்போதுதான் கேட் பக்கம் பால்காரம்மா வந்து நின்றாள். வடக்குத்து கிராமத்திலிருந்து தினமும் நம் பிளாக்குக்குப் பால் ஊற்றுவாளே, அவள்தான். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டிருந்தாள். அவள் வீட்டுக்காரரும் சித்தப்பா இருந்த அதே கும்பலில் வேலை பார்த்தார்.

"ஐயா, எங்கூட்டுக்காரரு காத்தால போனவரு, சங்கு ஊதியும் வூடு வர்லீங்க. மழை இப்பிடிக் கொட்டிக்கினு இருக்குது. எப்ப வுடுவாங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேங்க."

சாயங்காலம் வந்துவிடுவார் என்றார் அப்பா. அவள் தலையாட்டினாள், ஆனால் போகவில்லை. அம்மா உள்ளே வரச் சொன்னாள். அவள் வராந்தாவில் ஏறித் தூண் ஓரமாக நின்றுகொண்டாள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சோற்றை ஒரு பக்கமாகக் குவித்து, பக்கத்தில் பள்ளம் பண்ணி அதில் ரசத்தை நிறுத்திக்கொள்வார். அம்மா ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். ஊறிய சோறு மெல்லச் சரிந்து பள்ளத்துக்குள் இறங்கியது. ரசம் எதிர்ப்பக்கம் ஏறித் தட்டு விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்கரை?" என்றாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை.

"உள்ள வர்றதுல இருந்து வெளிய போறதக் கழிச்சீங்க, சரி. மிச்சத்தை அப்படியே உயரத்துல போட்டுட்டீங்க. பின்கரை உள்ள வந்தா குழி சின்னதாகுமே. மழை அதிகமாகவே வேண்டாம், தண்ணி தானா ஏறுமே."

அப்பாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. கொட்டுகிற மெஷினை நிறுத்தி நாளாகிறது, ஒரு கூடை மண்கூட விழவில்லை, அப்புறம் கரை எங்கிருந்து நகரும், பரீட்சைக் கணக்கையெல்லாம் சோற்றுத் தட்டில் கொண்டு வராதே என்றார்.

"மெஷின் நின்னா கரை நின்னுடுமா?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. "இத்தனை நாள் ஊறின மண்ணுங்க. அதுவா வராதா? அதோட காலடியிலதானே தம்பி நிக்கிறான்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது அந்த இடத்தில்தான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, மண்மலையின் மேலே நேற்று ஒரு விரிசலைப் பார்த்தேன் என்றார். மழைக்கு எப்போதும் விழுவதுதான் என்று நினைத்தாராம்.

இப்போது யோசித்தால் அவர் நிலைமை எவ்வளவு சங்கடமானது என்று தெரிகிறது. ஆட்களை மேலே கூப்பிட்டால் போர்டை நகர்த்த ஆளிருக்காது, பம்புகள் போய்விடும். மேலதிகாரிகளுக்கு என்ன சொல்வது? மனைவி ரசத்தைப் பார்த்துச் சொன்னாள் என்றா? கும்பலில் எல்லோரும் வேலையைப் பாதியில் விட்டு வந்தவர்கள் ஆவார்கள், இன்டர்வியூவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தன் தம்பியும் அதில் ஒருவன். கூப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பால்காரம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லையும் தெரியாது, தொகையீடும் தெரியாது. இவர்கள் பேச்சு எங்கே போகிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

அப்பா எழுந்து எச்சில் கையோடு போனைத் தூக்கினார். நம் வீடுகளில் இருந்ததே, எண் சுழற்றும் வட்டம் இல்லாத கறுப்புப் போன். தூக்கினால் எக்ஸ்சேஞ்ச்காரர் பேசுவார், அவரிடம் இடத்தைச் சொன்னால் இணைத்துவிடுவார். அன்று தூக்கியதும் இரைச்சல்தான் வந்தது. வைத்தார், தூக்கினார். மறுபடி வைத்தார். கடைசியில் யாரோ கிடைத்தார்கள்.

"பம்ப் ஆளுங்க எல்லாரையும் மேல வரச் சொல்லு. இப்பவே. போர்டு கெடக்கட்டும்." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "ஆமா, எழுதிக்க. நான்தான் சொன்னேன்."

ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. தட்டு அப்படியே கிடந்தது, அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மா பால்காரம்மாவுக்குத் துண்டு கொடுத்தாள். அவள் அதை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள், துடைத்துக்கொள்ளவில்லை. மழைச் சத்தத்தில் தூரத்து வண்டிச் சத்தமெல்லாம் ஜீப் மாதிரியே கேட்டது. திடீரென்று அம்மா, "புத்தகத்தை எடு, கேளு" என்றாள். எடுத்தேன். முதல் துண்டைச் சொன்னாள், இரண்டாவதையும் சொன்னாள். மூன்றாவது வரவில்லை. நான் எடுத்துக் கொடுத்தும் அவளால் சொல்ல முடியவில்லை. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டாள்.

கீழே இருந்தவர்கள் லாரியில் வந்து சேர்ந்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. பால்காரம்மாவின் வீட்டுக்காரர் லாரியிலிருந்து இறங்கியதும் அவள் துண்டை அவரிடம் நீட்டினாள். இருவரும் தெருவில் இறங்கிப் போனார்கள். சித்தப்பா பூட்ஸைக் கவிழ்க்கவில்லை. அப்படியே உள்ளே வந்து, "நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு மதினி. ஒரு பிடி மண்ணு விழல. எதுக்குக் கூப்பிட்டான் அண்ணன்?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு கோபம். அம்மா வெந்நீர் வைக்கப் போனாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் போர்டு மூழ்கிவிட்டது. மறுநாள் மத்தியானம் மண்மலை சரிந்தது. அவர்கள் நின்ற இடத்தை முழுசாக மூடிவிட்டு, தண்ணீரை முன்கரை வரை தள்ளிக்கொண்டு போனது. அப்பாவுக்கு மாலை போட்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. அவர் கூப்பிடாவிட்டால் அத்தனை பேரும் மண்ணுக்குள் போயிருப்பார்கள் என்றது ஒரு கட்சி. பம்புகளை நிறுத்தியதால்தான் தண்ணீர் ஏறி மலையின் காலடியை நனைத்தது, ஓடியிருந்தால் சரிந்தே இருக்காது என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியில்தான் கூட்டம் அதிகம். அப்பாவிடம் விளக்கம் கேட்டார்கள், அப்புறம் ஒரு மேசையைக் கொடுத்து ஸ்டோர்ஸில் உட்காரவைத்தார்கள். அந்தக் கும்பலில் இருந்த யாருக்கும் பொங்கல் கழித்து இன்டர்வியூ வரவில்லை. குறிஞ்சிப்பாடிக்காரர்கள் தை முடியும் வரை பார்த்துவிட்டுப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா மார்கழியில் பரீட்சை எழுதினாள். அந்த விதி கேள்வியாக வந்திருந்ததாம். அவள் அதைத் தொடவில்லை, வேறு கேள்விக்கு எழுதிவிட்டு வந்தாள். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, எல்லை எப்படி நகருதுன்னு தெரிஞ்சாத்தான் அந்த விதி விடை சொல்லும், தெரியாதவங்களுக்கு அது ஒண்ணும் சொல்லாது என்றாள். பாஸாகிவிட்டாள். நான் அப்போது அவளுக்குக் கர்வம் என்று நினைத்தேன். அது கர்வம் இல்லை என்று புரிய எனக்கே பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. கோயம்புத்தூரில் பேரன்களோடு இருக்கிறார், காது மட்டும் மந்தம். போனில் பிடித்தால் இன்றைக்கும் அதையே சொல்வார்: உங்கம்மா கணக்கு தப்பு. நானும் சரி சித்தப்பா என்று சொல்லிவிடுவேன்.

அவர் எங்கள் வீட்டை விட்டுப் போன நாளோடு முடித்துக்கொள்கிறேன். குறிஞ்சிப்பாடிக் கல்யாணம் முறிந்த பிறகு அவர் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு காலையில் டிரங்குப் பெட்டியில் துணியைப் போட்டுப் பூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அப்பா உள்ளறையில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"உங்க கணக்கு தப்பு மதினி" என்றார் சித்தப்பா. "பம்பு ஓடியிருந்தா மண்ணு சரிஞ்சிருக்காது. நீங்க சொன்னீங்க, அவன் கேட்டான், என் பொழப்பு போச்சு."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தப்பாவே இருக்கட்டும் தம்பி. அது சரியா தப்பான்னு பாக்கணும்னா உன்னக் கீழயே விட்டுட்டுப் பாத்திருக்கணும். அந்த விடை எனக்கு வேண்டாம்."

சித்தப்பா குனிந்து பெட்டியின் ஒரு பக்கக் காதைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். ஒரு கைக்கு அது கனம். அப்பா உள்ளறையிலிருந்து வந்தார். இன்னொரு காதைப் பிடித்தார். இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். நான் கேட் வரை ஓடி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதும் அப்படித்தான் நின்றார்கள். பஸ் வரும் வரை இரண்டு பேரும் அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.